எந்த லயம், யார் வீட்டுப் பிள்ளை: வேடம் போட்டு வரும் ஃபைலைக் கண்டுபிடிப்பது எப்படி

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் புதுமுகம் ஒன்று தென்பட்டால், வாசல் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் பாட்டி அவன் பெயரைக் கேட்க மாட்டார். "எந்த லயம்யா நீ? யாரு வீட்டுப் பிள்ளை? இந்தப் பக்கம் என்ன சோலியா வந்தே?" இந்த மூன்றையும்தான் கேட்பார். பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். மூணாம் லயம் என்று சொன்னால், அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பாட்டிக்குத் தெரியும், அப்பா பெயரைச் சொன்னால் அப்பாவையும் தெரியும், அதனால் பொய் சொன்னவன் அந்தப் படியிலேயே மாட்டிக்கொள்வான்.

நல்ல ஃபைல் மாதிரி வேடம் போட்டு வரும் வைரஸைப் பிடிக்க நான் கேட்பதும் இதே மூன்று கேள்விகளைத்தான். நீ எங்கே குடியிருக்கிறாய், உன்னைக் கூட்டி வந்தது யார், இங்கே என்ன வேலை செய்கிறாய். பெயரையும் படத்தையும் கடைசியாகத்தான் பார்ப்பேன். அந்த இரண்டையும் போலியாகச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

எனக்கு மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு சின்னக் கடை. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடம் ஆகிறது, நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். பிரிண்ட் எடுப்பது, கைப்பேசி பழுது பார்ப்பது, கணினி பழுது பார்ப்பது எல்லாம் உண்டு. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்ட ஆபீஸ் கிராணி, தமிழ்ப்பள்ளி டீச்சர், கோயில் கமிட்டி செயலாளர், இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாரும் வருவார்கள். "வைரஸ் வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வருபவர் குறைவு. "தம்பி, இந்த ஃபைல் திறக்க மாட்டேங்குது, ரெண்டு மூணு தடவை அமுக்கிட்டேன்" என்றுதான் வருவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பிடிஎஃப் என்று நினைத்து அமுக்கினால் பிடிஎஃப் திறக்க வேண்டும், இல்லையென்றால் கெட்டுப்போய்விட்டது என்று ஒரு செய்தியாவது வர வேண்டும். ஒன்றுமே வராமல் கணினி ஒரு நொடி யோசித்துவிட்டுச் சும்மா இருந்தால், நாம் அமுக்கியது பிடிஎஃப் இல்லை, ஒரு புரோகிராம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். கெட்டிக்காரத்தனமாகச் செய்தவனாக இருந்தால் நம் கண்ணைக் கட்ட ஓர் உண்மையான பிடிஎஃப்பையும் கூடவே திறந்து காட்டுவான், அப்போது இந்த அடையாளமும் கிடைக்காது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. மலேசியாவில் வாணிபத்துக்காக முதன்முதலில், 1917-இல், செம்பனை நட்ட இடம் அதுதான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. ஃபைல் விஷயத்திலும் அப்படித்தான் பார்க்கச் சொல்கிறேன், பலகையை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள்.

முதலில் வாலைப் பார்க்க வேண்டும்

ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் கடைசியில் ஒரு புள்ளியும் சில எழுத்தும் இருக்கும். அந்த வாலை வைத்துத்தான் எதில் திறப்பது என்று விண்டோஸ் முடிவு செய்கிறது. ஆனால் தனக்குத் தெரிந்த வால்களை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடுகிறது. அதனால் ஒருவன் "சம்பளம்.பிடிஎஃப்.எக்ஸ்இ" என்று பெயர் வைத்து அனுப்பினால், கடைசி வால் மறைந்து "சம்பளம்.பிடிஎஃப்" என்று மட்டும் நமக்குத் தெரியும். எக்ஸ்இ ஃபைல் தன் படத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், செய்தவன் சிவப்புப் பிடிஎஃப் படத்தை வைத்தால் அதுதான் திரையில் வரும். பெயரும் பிடிஎஃப், படமும் பிடிஎஃப், உள்ளே இருப்பது புரோகிராம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகத்தையே ஆட்டிவைத்த 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த வேடத்தில்தான் வந்தது. காதல் கடிதம், டிஎக்ஸ்டி ஃபைல் என்று எல்லாரும் நினைத்தார்கள், அதற்குப் பின்னால் விபிஎஸ் என்ற வால் மறைந்திருந்தது. இத்தனை வருடம் கழித்தும் இந்தத் தந்திரம் செல்லுபடியாகிறது என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம், ஏனென்றால் அதைத் தடுக்கும் அமைப்பை மாற்றப் பத்து நொடிதான் ஆகும்.

விண்டோஸ் 11-இல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து மேலே வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை அமுக்குங்கள். விண்டோஸ் 10-இல் வியூ என்ற பகுதியிலேயே அதே பெயரில் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் செய்துவிடுங்கள். அப்படியே அந்த வியூவில் டீட்டெய்ல்ஸ் என்பதையும் தேர்ந்தெடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் டைப் என்று ஒரு பத்தி வரும். பெயர் எப்படி இருந்தாலும் அந்தப் பத்தி உண்மையான வாலைப் பார்த்துத்தான் பேசும். சம்பளச் சீட்டுக்குப் பக்கத்தில் அப்ளிகேஷன் என்று இருந்தால் அது சம்பளச் சீட்டு இல்லை.

எக்ஸ்இ மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்சிஆர் என்பது பெயருக்கு ஸ்கிரீன் சேவர், வேலைக்கு முழுப் புரோகிராம். விபிஎஸ், ஜேஎஸ், எச்டிஏ, பேட், சிஎம்டி, எம்எஸ்ஐ எல்லாமே அமுக்கினால் ஓடும். ஐஎஸ்ஓ என்ற வாலோடு விலைப்பட்டியல் வந்தால் அதையும் திறக்காதீர்கள். இணையத்திலிருந்து இறங்கிய ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்தி வைக்கும், அதைப் பார்த்துத்தான் எச்சரிக்கை காட்டும். உள்ளே இருக்கும் ஃபைலுக்கு அந்த முத்திரை ஒட்டாமல் போகட்டும் என்றுதான் ஐஎஸ்ஓ பெட்டிக்குள் போட்டு அனுப்பினார்கள்.

வாலைக் காட்டச் சொன்ன பிறகும் ஏமாற்றும் வழிகள் இருக்கின்றன. ஒன்று, பிடிஎஃப் என்று எழுதிவிட்டு அதற்குப் பின்னால் வரிசையாக வெற்றிடம் விட்டுக் கடைசியில் எக்ஸ்இ போடுவது. பத்தியின் அகலத்துக்குள் வால் அடங்காது, கண்ணுக்கும் தெரியாது.

இன்னொன்று கொஞ்சம் ஆச்சரியமானது. நம் நாட்டில் ஜாவி எழுத்தை எல்லாரும் பார்த்திருப்போம், வலமிருந்து இடமாகப் போகும். அப்படிப்பட்ட எழுத்துகளுக்காக யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறது, "இதற்குப் பிறகு வருவதை வலமிருந்து இடமாகக் காட்டு" என்பது அதன் பொருள். ஒருவன் காஜி (மலாயில் சம்பளம்) என்று எழுதி, அந்தக் குறியைப் போட்டு, அதற்குப் பின்னால் ஆங்கில எழுத்தில் எஃப், டி, பி, புள்ளி, இ, எக்ஸ், இ என்று வைக்கிறான். திரையில் அது திரும்பி, காஜி என்பதற்குப் பின்னால் இ, எக்ஸ், இ, புள்ளி, பி, டி, எஃப் என்று தெரியும். நம் கண்ணுக்குப் பிடிஎஃப், கணினிக்கு எக்ஸ்இ. பெயரின் நடுவில் புள்ளிக்கு முன்னால் இஎக்ஸ்இ, ஆர்சிஎஸ் என்று சம்பந்தமில்லாத எழுத்துகள் தொங்கினால் சந்தேகப்படுங்கள். ஆர்சிஎஸ் என்பது எஸ்சிஆர் தலைகீழாக நிற்பது. இங்கேயும் டைப் பத்தி ஏமாறாது.

எழுத்தை மாற்றி வைப்பதும் உண்டு. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கௌரி என்று ஒருவர் ஔகாரம் போட்டு அடிப்பார், இன்னொருவர் கெ அடித்துப் பக்கத்தில் ள போட்டு கெளரி என்று அடிப்பார். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், தேடினால் மட்டும் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஆங்கில எழுத்துக்குப் பதிலாக அதே மாதிரி தோன்றும் ரஷ்ய எழுத்தைப் போடுவதும், ஓ-வுக்குப் பதில் சைபரைப் போடுவதும், சின்ன எல்-லுக்குப் பதில் பெரிய ஐ-யைப் போடுவதும் இதே கதைதான். இதைக் கண்ணால் பிடிக்க முயன்று நேரத்தைச் செலவழிக்காதீர்கள். முதல் கேள்விக்குப் போங்கள், எந்த லயம் என்று கேளுங்கள், கொஞ்சம் கீழே அதற்கு வருகிறேன்.

சந்தேகம் தீரவில்லையா? நோட்பேடைத் தனியாகத் திறங்கள். அதில் ஃபைல், ஓப்பன் போய், கீழே ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றி, அந்தச் சந்தேக ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். இரட்டை அமுக்கு வேண்டவே வேண்டாம், நோட்பேட் வழியாக மட்டும். குப்பை மாதிரி எழுத்துகள் வரும், கவலைப்படாதீர்கள், நோட்பேட் படிக்கத்தான் செய்யும், ஓட்டாது. முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள். உண்மையான பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் கொண்டுதான் தொடங்கும். எம், ஸெட் என்று தொடங்கினால் அது விண்டோஸ் புரோகிராம். மைக்ரோசாஃப்டில், விண்டோஸுக்கு முந்தைய டாஸைச் செய்தவர்களில் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை, இன்று வரைக்கும் ஒவ்வொரு எக்ஸ்இ-யின் நெற்றியிலும் அவைதான் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி, டாஸ் மோடில் இது ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் தெரியும். பி, கே என்று தொடங்கினால் ஸிப் வகை, அது ஸிப் உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்து. வேர்ட் டாக்எக்ஸ் ஃபைலும் உள்ளுக்குள் ஸிப்தான், கைப்பேசியில் ஆப் போடும் ஏபிகே ஃபைலும் ஸிப்தான், அதனால் பிகே என்பதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. பெயர் பிடிஎஃப், நெற்றியில் எம்ஸெட் என்றால் மட்டும் பேச்சே இல்லை, அழித்துவிடுங்கள்.

பென் டிரைவ்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மாதிரி ஊரில் வைரஸ் மின்னஞ்சலில் வருவதைவிடப் பென் டிரைவில் வருவதுதான் நான் அதிகம் பார்ப்பது. பள்ளிக்கூடக் கணினி, வீட்டு லேப்டாப், என் கடை, தோட்ட ஆபீஸ் என்று ஒரே பென் டிரைவ் ஊர் சுற்றும். பல வருடத்துக்கு முன்னால் என் கடைக் கணினியே இதைப் பரப்பியது. பிரிண்ட் எடுக்க வந்தவர்களின் டிரைவில் எல்லாம் நான் அறியாமலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒரு டீச்சர் பரீட்சைத்தாள் எல்லாம் காணாமல் போய்விட்டது என்று கண் கலங்கி வந்து நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்த வருத்தத்தில்தான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

நடப்பது இதுதான். வைரஸ் டிரைவில் இருக்கும் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிடும். அதே பெயரில், அதே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஷார்ட்கட் ஒன்றை வைக்கும். நீங்கள் "ஐந்தாம் ஆண்டு" என்ற ஃபோல்டரை அமுக்குவதாக நினைத்து ஷார்ட்கட்டை அமுக்குகிறீர்கள். அது முதலில் வைரஸை ஓட்டிவிட்டு, பிறகு உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். உள்ளே எல்லாம் இருக்கும், ஒரு சந்தேகமும் வராது. ஷார்ட்கட்டின் எல்என்கே என்ற வாலை, நீங்கள் வால்களைக் காட்டச் சொன்னாலும் விண்டோஸ் காட்டாது. படத்தின் மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறிதான் அடையாளம், இல்லையென்றால் டைப் பத்தியில் ஷார்ட்கட் என்று வரும். யாரும் தன் பென் டிரைவுக்குள் ஃபோல்டருக்கு ஷார்ட்கட் செய்து வைப்பதில்லை.

அப்படி ஒன்றைப் பார்த்தால் வலது பக்கம் அமுக்கி ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். டார்கெட் என்ற கட்டத்தில் ஃபோல்டரின் முகவரி இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக சிஎம்டி, பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், ரன்டிஎல்எல்32 என்று கட்டளை ஓட்டும் புரோகிராம் ஏதாவது இருந்தால் திருடன் கிடைத்துவிட்டான். கட்டம் வெறுமையாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள், அங்கேயும் நிறைய வெற்றிடம் விட்டுக் கட்டளையைத் தள்ளி வைப்பார்கள்.

தொலைந்த ஃபோல்டர்கள் தொலையவில்லை. வியூவில் ஆப்ஷன்ஸ் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, சிஸ்டம் ஃபைல்களை மறை என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். மங்கலாக எல்லாம் வந்து நிற்கும். சில சமயம் பெயரே இல்லாத மாதிரி ஒரு ஃபோல்டர் இருக்கும், வெற்றிட எழுத்து ஒன்றையே பெயராக வைத்து, அதற்குள் உங்கள் சொத்து எல்லாவற்றையும் தள்ளியிருப்பார்கள். டாக்குமென்ட், படம் மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். டிரைவைச் சுத்தம் செய்துவிட்டு அதே நோய்ப்பட்ட கணினியில் திரும்பக் குத்தினால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும், அதனால் அது சுற்றி வந்த கணினிகளையும் பார்த்தாக வேண்டும்.

ஓடிக்கொண்டிருப்பதை விசாரிப்பது

சரி, ஏற்கெனவே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய், மேலே பத்தித் தலைப்பில் வலது பக்கம் அமுக்கி, செலக்ட் காலம்ஸ் எடுத்து, இமேஜ் பாத் நேம், கமாண்ட் லைன் இரண்டுக்கும் டிக் போடுங்கள். எந்த லயம் என்ற கேள்விக்குப் பதில் இந்தப் பாத் பத்திதான்.

எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரைத்தான் வைரஸ் செய்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும். பின்னணியில் ஓடும் விண்டோஸின் சர்வீஸ்களைச் சுமக்கும் புரோகிராம் அது. பட்டியலில் அது ஐம்பது அறுபது முறை இருப்பதைப் பார்த்துப் பதறி வருபவர்கள் உண்டு, அது தப்பே இல்லை. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபி-க்கு மேல் ராம் இருந்தால் ஒவ்வொரு சர்வீஸையும் தனித்தனியாக ஓட்டுகிறது, அதனால்தான் அத்தனை. இப்படிக் கூட்டமாக இருப்பதால்தான் அதற்குள் ஒருவன் நுழைந்து நிற்பது சுலபமாகிறது. பெயரில் வி-யும் சி-யும் இடம் மாறியிருக்கலாம், சி விடுபட்டிருக்கலாம், ஓ இருக்கும் இடத்தில் சைபர் இருக்கலாம், எழுத்து எழுத்தாகச் சரியாகவே கூட இருக்கலாம். ஆனால் உண்மையானதன் வீடு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32. பழைய 32 பிட் வகைக்கு சிஸ்வாவ்64. ஆப்டேட்டா, டெம்ப், புரோகிராம்டேட்டா, பப்ளிக் என்று வேறு எங்கிருந்து ஓடினாலும் அது வேடம்தான்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸூம் மாதிரி நல்ல புரோகிராம்களும் ஆப்டேட்டாவில் குடியிருக்கும். அந்த இடத்தில் இருப்பதே குற்றமில்லை. விண்டோஸின் பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கே இருப்பதுதான் குற்றம். அப்புறம், பாத் பத்தியில் விண்டோஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். "விண்டோஸ்" என்ற பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் சேர்த்துத் தனி ஃபோல்டர் செய்து, அதற்குள் ஒரு சிஸ்டம்32-ஐயும் செய்து வைப்பவர்கள் உண்டு.

யார் வீட்டுப் பிள்ளை என்பது இரண்டாம் கேள்வி. கணினியில் ஒவ்வொரு புரோகிராமையும் இன்னொரு புரோகிராம்தான் தொடங்கி வைக்கிறது, அதைத் தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜர் இதைச் சரியாகக் காட்டாது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் புராசஸ் எக்ஸ்புளோரரை இறக்கிக்கொள்ளுங்கள். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று அது, 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்டின் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், இந்தக் கருவியின் பெயரிலேயே போலி வந்தால் என்ன செய்வது? திறந்தால் குடும்ப மரம் மாதிரி எல்லாம் வரிசையாகத் தெரியும். எஸ்விசிஹோஸ்டின் தாய் சர்வீசஸ் என்ற புரோகிராம். எல்சாஸ் என்று ஒன்று இருக்கும், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வேலை, அது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதன் தாய் வின்இனிட். இரண்டு எல்சாஸ் இருந்தால் ஒன்றின் முதலெழுத்து எல் இல்லை, பெரிய ஐ-யாக இருக்கலாம். வேர்டுக்கும் எக்ஸலுக்கும் கீழே பவர்ஷெல்லோ சிஎம்டி-யோ தொங்கினால் நெட்டை உடனே துண்டியுங்கள். ஒரு கடிதம் எழுதும் புரோகிராமுக்குப் பவர்ஷெல்லை எழுப்ப எந்தக் காரணமும் இல்லை.

அதே கருவியில் ஆப்ஷன்ஸ் போய் வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ் என்பதைத் தட்டினால் ஒவ்வொன்றின் டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபார்த்துச் சொல்லும். மைக்ரோசாஃப்ட் பெயரைச் சொல்லிக்கொண்டு கையெழுத்து இல்லாமல் நிற்பதைப் பிடிக்க இது நல்ல வழி. ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதி இல்லையே என்று மட்டும் பயந்துவிடாதீர்கள். விண்டோஸின் சொந்த ஃபைல்கள் பலவற்றுக்குக் கையெழுத்து வேறொரு பட்டியல் ஃபைலில் இருக்கும், நோட்பேடே அப்படித்தான்.

கையெழுத்து இருந்தால் நல்லவன் என்றும் அர்த்தமில்லை. 2010-இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் நிறுவனங்களின் சான்றிதழைத் திருடிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தது. 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிசிளீனர் என்ற புரோகிராமின் ஒரு பதிப்பை அதைச் செய்யும் இடத்திலேயே புகுந்து கெடுத்தார்கள், நிறுவனத்தின் சொந்தக் கையெழுத்தோடு, சொந்தப் பக்கத்திலிருந்தே வைரஸ் இறங்கியது.

லயமும் சரி, தாயும் சரி, கையெழுத்தும் சரி, ஆனாலும் உள்ளே திருடன் என்பதும் நடக்கும். உண்மையான விண்டோஸ் புரோகிராமைத் தொடங்கி, அது ஓடுவதற்குள் நிறுத்தி வைத்து, நினைவகத்தில் அதன் உள்ளடக்கத்தை வழித்தெடுத்துவிட்டுத் தன்னுடையதை நிரப்பி ஓடவிடுவார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு கானோடெர்மா என்ற பூஞ்சை நோய் வந்த செம்பனை தெரியும். வெளியே மரம் பச்சையாக நிற்கும், ஓலையில் அறிகுறி தெரிவதற்குள் அடிமரம் பாதி அழுகிப்போயிருக்கும். இங்கே மூன்றாம் கேள்விதான் கை கொடுக்கும், என்ன சோலி? ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். நோட்பேடும் கால்குலேட்டரும் நெட்டில் யாரோடோ விடாமல் பேசிக்கொண்டிருந்தால், ஒன்றும் திறக்காமலேயே கணினி விசிறி இரைந்துகொண்டிருந்தால், பெயரும் முகவரியும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விடாதீர்கள். இந்த வகையை வீட்டில் உட்கார்ந்து பிடுங்க முயல வேண்டாம். முக்கிய ஃபைல்களை எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நான் செய்வது.

கணினியை அணைத்துப் போட்டாலும் திரும்ப வருகிறதா? கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்குபவற்றைக் காட்டும், அதே சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸ் கருவியைத் திறந்து, மைக்ரோசாஃப்ட் கையெழுத்து உள்ளவற்றை மறைக்கச் சொல்லுங்கள், மிச்சம் இருப்பதைப் பாருங்கள். கூகுள் அப்டேட், அடோபி அப்டேட் என்ற பெயரில் டாஸ்க் ஒன்று இருக்கும், அது ஓட்டும் ஃபைல் மட்டும் டெம்ப் ஃபோல்டரில் இருக்கும். காசு கொடுக்காமல் ஆஃபிஸ் போட்டுத் தருகிறேன் என்று வரும் ஆக்டிவேட்டர்கள் விட்டுப்போன மிச்சத்தை இங்கே நிறையப் பார்க்கிறேன்.

வைரஸ்டோட்டல் பக்கத்தில் ஃபைலை ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஆனால் ஏற்றுவது மற்றவர்கள் கைக்கும் போகும். ஐசி (அடையாள அட்டை) நகல், சம்பளப் பட்டியல், நோயாளி விவரம் எதையும் ஏற்றிவிடாதீர்கள்.

கைப்பேசிக்கு வரும் கல்யாணப் பத்திரிகை

சில மாதத்துக்கு முன்னால் பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) ஓர் அக்கா வந்தார். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது, தெரிந்தவர் எண்ணிலிருந்து. "அமுக்கினேன் தம்பி, என்னமோ அனுமதி கேட்டுச்சு, குடுத்துட்டேன், அப்புறம் ஒண்ணையும் காணோம்." அனுப்பியவரின் கைப்பேசியும் ஏற்கெனவே பறிபோயிருந்தது, அவர் அனுப்பவே இல்லை. அக்கா கடைக்கு வருவதற்குள் பேங்கிலிருந்து பணம் இரண்டு முறை போய்விட்டது. அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, நான் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினேன்.

பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாகக்கூட வரும். ஆப்பாக வராது. போலீஸ் சம்மனும் அரசாங்க உதவித்தொகை மனுவும் வாட்ஸ்அப்பில் ஏபிகே என்ற வாலோடு வராது. தெரியாத இடத்திலிருந்து ஆப் போட அனுமதிக்கவா என்று கைப்பேசி கேட்கும் அந்த இடத்தில் நின்றுவிட்டால் கதை முடிந்தது. அதைத் தாண்டினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், பேங்க் அனுப்பும் டிஏசி என்ற ஒருமுறைக் கடவு எண்ணைத் திருடுவதற்கு. ஆக்ஸஸிபிலிட்டி அனுமதி கேட்டால் இன்னும் மோசம், திரையைப் பார்க்கவும் நமக்குப் பதிலாக அமுக்கவும் அதற்கு முடியும்.

போட்ட பிறகு ஆப்பின் படம் திரையிலிருந்து மறைந்துவிடும், அதனால்தான் "ஒண்ணையும் காணோம்". செட்டிங்ஸ் போய் ஆப்ஸ், எல்லா ஆப்களும் என்று பட்டியலைப் பாருங்கள். வெறுமையான படம், சிஸ்டம் அப்டேட் மாதிரி பெயர், ஒரே பெயரில் இரண்டு என்று எதுவானாலும் அதைத் திறந்து கீழே வரை போங்கள். எங்கிருந்து போடப்பட்டது என்று ஆண்ட்ராய்டு அங்கே சொல்லும், கைப்பேசியில் லயத்தைக் கேட்கும் இடம் அதுதான். ப்ளே ஸ்டோர் என்று இல்லாமல், எஸ்எம்எஸ் அனுமதியும் கையில் இருந்தால் அதுதான் ஆள். அழிக்க விடவில்லையென்றால் டிவைஸ் அட்மின் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொண்டிருக்கும், முதலில் அங்கிருந்து எடுத்துவிட்டு அழித்துவிடுங்கள்.

ஆனால் ஏபிகே-யை ஏற்கெனவே அமுக்கிவிட்டீர்கள் என்றால் இந்தத் தேடல் எல்லாம் பிறகு. முதல் வேலை ஏரோப்ளேன் மோட் போடுவது, வைஃபை-யும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிம்மைக் கழற்றுங்கள். பக்கத்தில் இருப்பவரின் கைப்பேசியை வாங்கி பேங்கின் மோசடி எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் உடனே தேசிய மோசடி உதவி மையமான என்எஸ்ஆர்சி-யின் 997-க்கும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது, அதனால் வீட்டுக்காரர் வரட்டும், மகன் வேலை விட்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். போலீஸ் புகாரையும் அன்றைக்கே எழுதுங்கள். அந்தச் செய்தியையும், வந்த எண்ணையும் இன்னொரு கைப்பேசியால் படம் எடுத்து வையுங்கள், புகாருக்கும், இணையப் பாதுகாப்புப் புகார்களை வாங்கும் சைபர்999-க்கு அனுப்பவும் தேவைப்படும். கைப்பேசியை முழுவதுமாக ரீசெட் செய்வது அதற்குப் பிறகுதான். பேங்க், மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றும்போது வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள், பறிபோன கைப்பேசியில் மாற்றினால் புதியதும் அவன் கைக்குத்தான் போகும். உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும் எல்லாருக்கும், குடும்பக் குழு, கோயில் குழு, பள்ளிக் குழு எல்லாவற்றுக்கும், என் எண்ணிலிருந்து பத்திரிகை வந்தால் திறக்காதீர்கள் என்று இன்னொருவர் கைப்பேசியிலிருந்து சொல்லிவிடுங்கள்.